அறிக்கையில் எழுதப்படாத வசை

கால்பந்து நடுவர்களுக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில், ஆட்டம் முடிந்தபின் அவர்கள் எழுதி அனுப்பும் அறிக்கைகளை வாரந்தோறும் படித்து வருகிறேன். "வீரர் தகாத வார்த்தைகளைப் பயன்படுத்தினார்" என்ற வாக்கியம் அவற்றில் அடிக்கடி கண்ணில் படும். என்ன வார்த்தை, யாரைப் பார்த்துச் சொன்னார், எத்தனையாவது நிமிடம், எவ்வளவு தூரத்தில் நின்றார் என்ற விவரம் எதுவும் அதில் இருக்காது. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன் அந்த வீரர் வந்து, தன்மீதே கோபப்பட்டுக் கத்தியதாகச் சொல்லிவிட்டால், அதை மறுப்பதற்குக் காகிதத்தில் ஒன்றும் இருப்பதில்லை. நடுவர்களைத் திட்டும் வழக்கம் அமெச்சூர் கால்பந்தில் தொடர்வதற்குக் கோபக்காரர்கள் மட்டும் காரணமல்லர். நடந்ததை நடந்தபடி எழுதத் தயங்கும் நம் கூச்சத்துக்கும் அதில் பங்குண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், 13 வயதுக்குட்பட்டோர் ஆட்டம் ஒன்றில் புதிய நடுவர் ஒருவரை மதிப்பிடச் சென்றிருந்தேன். நடுவருக்கே அப்போது வயது 17தான். தகுதி பெற்ற துணை நடுவர்கள் இல்லாததால், இரு அணிகளும் அனுப்பிய ஆட்களே கோட்டோரம் கொடி பிடித்தார்கள். முதல் பாதியில் ஓர் ஆஃப்சைடை (தாக்கும் வீரர் விதியை மீறி முன்னே நிற்பதை) நடுவர் கொடுக்கவில்லை என்று ஓர் அணியின் பயிற்சியாளர் கைகளை விரித்து, "கண் தெரியலையா உனக்கு?" என்றார். நடுவர் கேளாதவர்போல ஓடிவிட்டார். ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்வியை அந்த அணியின் மாற்று வீரர்களான சிறுவர்கள் இருவர் கேட்டார்கள். இடைவேளைக்குள் பெற்றோர் வரிசைக்கும் அது பரவிவிட்டது. இரண்டாம் பாதியில் ஒரு சிறுவனின் தந்தை, நடுவர் ஓடும் பக்கமெல்லாம் கோட்டோரமாக உடன் நடந்தபடியே திட்டிக்கொண்டு வந்தார்.

வசையைவிட, அது நடுவரின் கால்களைக் கட்டிப்போட்ட விதமே என்னை உறுத்தியது. அந்தப் பக்கம் போவதையே அவர் மெல்ல மெல்லத் தவிர்க்கத் தொடங்கினார். அந்த மூலையில் ஓர் இடறல் நடந்தபோது, முப்பது மீட்டருக்கு அப்பால் நின்று விசில் ஊதி, தவறான அணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். அந்தத் தவறு அடுத்த சுற்று வசைக்குக் காரணமாயிற்று. திட்டினால் நடுவர் கவனமாக இருப்பார் என்று நம்பும் பயிற்சியாளர்களிடம் இந்த ஆட்டத்தைத்தான் நான் எடுத்துச் சொல்வது வழக்கம். மதிப்பீட்டாளர் ஆட்டத்தின் நடுவே தலையிடக் கூடாது என்பதைச் சாக்காக வைத்து நானும் அன்று பேசாமல் நின்றேன். பதினெட்டு வயது நிரம்பாத ஒருவரைப் பெரியவர்கள் கூடித் திட்டுவதைக் குழந்தைப் பாதுகாப்புப் பிரச்சினையாகவே பார்க்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

விதிகளில் குறை சொல்ல அதிகமில்லை. ஆட்ட விதிகளின் 12ஆம் விதி, முடிவை ஏற்காமல் சொல்லாலோ செயலாலோ எதிர்ப்புக் காட்டுவதற்கு மஞ்சள் அட்டையும், இழிவாகப் பேசுவதற்கும் சைகை செய்வதற்கும் சிவப்பு அட்டையும் காட்டச் சொல்கிறது. "அது ஃபவுல் இல்லையே" என்று ஒரு வீரர் ஆற்றாமையில் சொல்வதற்கெல்லாம் அட்டையைத் தூக்கும் நடுவர் நல்ல நடுவர் அல்லர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். எல்லோர் காதிலும் விழும்படியும், திரும்பத் திரும்பவும், நடுவரின் நேர்மையைக் குறிவைத்தும் வருவதையே முளையில் நிறுத்த வேண்டும். 2019-20 பருவத்திலிருந்து பயிற்சியாளர் உள்ளிட்ட அணி அலுவலர்களுக்கும் அட்டை காட்டலாம். அவர்களில் திட்டியவர் யாரென்று தெரியாவிட்டால், அங்கிருக்கும் மூத்த பயிற்சியாளருக்கே அட்டை போகும். மேலே சொன்ன ஆட்டத்தில் முதல் கேள்விக்கே அந்தப் பயிற்சியாளரிடம் போய்த் தாழ்ந்த குரலில் எச்சரித்திருந்தால், பெற்றோர் வரிசை பெரும்பாலும் அடங்கியிருக்கும் என்றே கருதுகிறேன்.

பார்வையாளருக்கு அட்டை கிடையாது. அவரிடம் நடுவர் நேரே போய் வாதாடக் கூடாது. ஆட்டத்தை நிறுத்தி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, இரு அணிகளின் கேப்டன்களையும் பயிற்சியாளர்களையும் அழைத்து, அந்த நபர் அப்புறப்படுத்தப்படும்வரை ஆட்டம் தொடங்காது என்று சொன்னால் போதும். வெளியார் குறுக்கீட்டுக்காக ஆட்டத்தை நிறுத்தவும், தற்காலிகமாகத் தள்ளிவைக்கவும், கைவிடவும் 5ஆம் விதி நடுவருக்கு அதிகாரம் தருகிறது. ஆட்டத்துக்கு முன் ஆடுகளத்தைப் பரிசோதிக்க நுழைவதில் தொடங்கும் அவருடைய ஒழுங்கு அதிகாரம், முடிந்தபின் ஆடுகளத்தை விட்டு வெளியேறும்வரை நீடிக்கிறது. கடைசி விசிலுக்குப் பிறகு உடைமாற்றும் அறைக்கு நடக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் மிக மோசமான பேச்சுகளை நான் கேட்டிருக்கிறேன். ஆட்டம் முடிந்துவிட்டதால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பல இளம் நடுவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் அடித்தட்டுக் கால்பந்தில் எதிர்ப்புக் காட்டும் வீரரைப் பத்து நிமிடம் வெளியே அமர்த்தும் முறை 2019-20இல் பரவலாக்கப்பட்டது. 2023இல் அங்கே நடுவர்களின் உடலில் கேமரா பொருத்தியும் சோதித்தார்கள். 2024 ஐரோப்பியக் கோப்பையில் கேப்டன் மட்டுமே நடுவரிடம் விளக்கம் கேட்கலாம் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இந்த மூன்றில், செலவில்லாமல் எந்தச் சிறு லீக்கும் நாளைக்கே பின்பற்றக்கூடியது கடைசியாகச் சொன்னதுதான்.

வாய்ச்சொல்தானே என்று அலட்சியம் செய்பவர்கள், 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேர நகரில் நடந்ததை அறிந்திருக்க வேண்டும். இளையோர் ஆட்டம் ஒன்றில் ஒரு வீரரின் தந்தை தன்னார்வலராகக் கொடி பிடித்தார். ஆட்டம் முடிந்தபின் அவரை எதிரணியினர் அடித்தும் உதைத்தும் தாக்கினார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். அடுத்த வார இறுதியில் அந்நாட்டின் அமெச்சூர் ஆட்டங்கள் அனைத்தும் ரத்து செய்யப்பட்டன.

அந்த 17 வயது நடுவர் அன்றிரவு எனக்கு அனுப்பிய அறிக்கையில், "பார்வையாளர்களால் சிறு இடையூறு" என்ற ஒற்றை வரிதான் இருந்தது. மறுநாள் அவரை அழைத்து உட்காரவைத்து, நினைவில் இருப்பதையெல்லாம் நிமிட வரிசையில் எழுதச் சொன்னேன். பயிற்சியாளரின் கேள்வி, சிறுவர்கள் இருவரின் சட்டை எண்கள், அந்தத் தந்தை நின்ற இடம், அவர் அணிந்திருந்த மேலாடையின் நிறம் என்று இரண்டாம் அறிக்கை ஒன்றரைப் பக்கம் வந்தது. தந்தை சொன்னதை எழுத வேண்டிய இடத்தில் அவருடைய பேனா நின்றது. "இதை அப்படியே எழுதலாமா, சார்?" என்று கேட்டார். மேற்கோள் குறிக்குள் எழுதச் சொன்னேன்.