கடத்தி

மின்சாரம் எளிதாகச் செல்ல வழிவிடும் பொருளுக்குக் கடத்தி என்று பெயர். 'கட' என்றால் தாண்டிச் செல். 'கடத்து' என்றால் தாண்டிச் செல்ல வை. மாற்றுவது மாற்றி ஆனதுபோல, கடத்துவது கடத்தி ஆயிற்று. 'கண்டக்டர்' லத்தீன் வழி வந்த சொல். அழைத்துச் செல்பவர் என்பது அதன் வேர்ப்பொருள். தமிழ் அதை இரண்டாகப் பிரித்துக்கொண்டது: பஸ்ஸில் இருப்பவர் நடத்துநர், மோட்டாருக்குள் இருப்பது கடத்தி. எனக்கு மிகவும் பிடித்த பிரிவினை இது. நடத்துநர் நம்மோடு கூடவே வருகிறார். கடத்தியோ இருந்த இடத்தில் இருந்தபடியே எலக்ட்ரான்களை நகரவிடுகிறது.

கடலூர், பண்ருட்டிப் பக்கம் போர்வெல் மோட்டார் எரிந்துபோனால், கருகிய கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றித் தரும் ரீவைண்டிங் கடையில் எழும் கேள்வி, "காப்பரா, அலுமினியமா?" என்பதுதான். காப்பருக்குத் தமிழில் செம்பு. செந்நிறத்தால் அமைந்த பெயர். வைண்டிங் கம்பியைச் சுற்றுக்கம்பி எனலாம்.

உலோகங்களில் வெள்ளியே சிறந்த கடத்தி. விலைதான் இடிக்கிறது. அடுத்தது செம்பு. அதன் கடத்துதிறனை 100 என்று வைத்தால் அலுமினியத்துக்கு ஏறக்குறைய 61. ஒரே நீளத்துக்கு ஒரே மின்தடை வேண்டுமானால் அலுமினியக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு செம்பைப் போல 1.6 மடங்கு இருக்க வேண்டும். அப்போதும் எடை செம்பில் ஏறக்குறைய பாதிதான். அதனால் கம்பங்களில் தொங்கும் மின்பாதைக்கு அது மிகவும் ஏற்றது. அங்கே கம்பி தடித்தால் இடைஞ்சல் இல்லை. மோட்டாரில் சுற்றுக்கம்பி உட்காரும் ஸ்லாட்டோ இரும்புத் தகடுகளில் வெட்டிய பள்ளம், அது பெரிதாகாது. செம்பு இருந்த இடத்தில் அதே தடிமனில் அலுமினியத்தைச் சுற்றினால், அதே மின்னோட்டத்தில் கம்பியின் வெப்ப இழப்பு 60 விழுக்காட்டுக்கும் மேல் கூடும். கம்பியின் மேல் மின்காப்பாக இருக்கும் எனாமல் பூச்சு சீக்கிரம் கருகும்.

இணைப்பிலும் கவனம் வேண்டும். காற்றுப் பட்டதும் அலுமினியத்தின் மேல் மின்சாரத்தைத் தடுக்கும் ஆக்சைடு படலம் உண்டாகிறது. அலுமினியக் கம்பியைச் செம்போடு நேரடியாக முறுக்கிவிட்டால், ஈர உப்புக்காற்றில் அலுமினியம் அரித்துப்போகும். கடற்கரை ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அலுமினியம் மட்டம் என்று சொல்வது நியாயமாகாது. அதற்கென்றே இடம் ஒதுக்கி வடிவமைத்த மின்மாற்றிகள் நன்றாகவே உழைக்கின்றன. இண்டக்ஷன் மோட்டார்கள் பலவற்றின் சுழலும் பகுதியில் மின்சாரம் ஓடும் கூண்டும் அலுமினிய வார்ப்புதான். வடிவமைப்பை மாற்றாமல் உலோகத்தை மட்டும் மாற்றுவதே தவறு. மோட்டாரை ரீவைண்டிங்குக்குக் கொடுக்கும்போது பழைய கம்பி எந்த உலோகம், என்ன தடிமன் என்று கேட்டு, புதியதன் விவரத்தையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.