மாட்சா என்பது கீரைப் பொடி இல்லை

போன வாரம் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வந்த பெண்ணுக்கு 27 வயது. ஹீமோகுளோபின் 8.6. மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார், எண் அசையவே இல்லை. மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள் என்று கேட்டேன். "மாட்சா கூட, மேடம். காலையில வெறும் வயித்துல. ரெண்டும் உடம்புக்கு நல்லதுதானே?"

இந்த மாதத்தில் இதே பதிலைச் சொன்ன நான்காவது ஆள் இவர். டீயோடு இரும்பு மாத்திரை கூடாது, இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாட்சாவை யாரும் டீ என்று நினைப்பதே இல்லை. பச்சையாகப் பொடியாக டப்பாவில் வந்தால் முருங்கைக் கீரைப் பொடி மாதிரி ஏதோ ஒன்று என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, இன்னொரு தடவை சொல்கிறேன். மாட்சா மூலிகை இல்லை, கீரையும் இல்லை. அது தேயிலை. நம் வீட்டு டீத்தூள் வருகிற அதே செடி. ஜப்பானில் ஊஜி, நிஷியோ பக்கத்துத் தோட்டங்களில் பறிப்பதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுவார்கள். பறித்த இலையை ஆவியில் வாட்டி, உருட்டாமல் காயவைத்து, காம்பையும் நரம்பையும் நீக்கிக் கல் திரிகையில் அரைப்பார்கள். ஒரு மணி நேரம் அரைத்தால் 40 கிராம் தேறுவதே அதிகம். அந்தப் பளிச்சென்ற பச்சை, நிழலில் வளர்ந்ததால் வந்தது. அதைப் பார்த்துக் காஃபீன் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

சாதாரண டீயில் இலை வடிகட்டியில் நின்றுவிடும். இதில் இலை முழுவதும் வயிற்றுக்குள் போகிறது. 2 கிராம் பொடியிலேயே 60 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்குச் சாயங்காலம் மாட்சா மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, ராத்திரி தூங்கமாட்டேன் என்கிறான் என்று என்னிடம் வருகிறார்கள். கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம்தான் எல்லை. காலைக் காபி, மாலை டீயோடு இதையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள், அம்மா.

ஜப்பானிலேயே தினசரி அதிகம் குடிப்பது செஞ்சா, ஹோஜிச்சா போன்ற வடிகட்டிய டீதான். தேநீர்ச் சடங்கில் மாட்சா தரும்போது முதலில் இனிப்பு கொடுப்பார்கள். கெட்டியாகக் குழைத்த கோய்ச்சா என்றால் முறையான விருந்தில் சாப்பாடு முடிந்த பிறகுதான் வரும். வெறும் வயிறு அதைத் தாங்காது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உணவியல் படித்த எனக்கு அந்த வரிசையைப் பார்த்தாலே மரியாதை வருகிறது.

ருசிக்காகச் சாப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. ஐஸ்கிரீமில், கேக்கில் சேர்க்கலாம். உப்போடு கலந்து டெம்புரா என்ற ஜப்பானிய பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள், அது அருமையாக இருக்கும். எடை குறையும் என்று நம்பி மட்டும் குடிக்காதீர்கள். கடையில் தருகிற மாட்சா லாட்டேயில் பாலும் சர்க்கரையும்தான் அதிகம்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். இதில் வைட்டமின் கே அதிகம். மருத்துவரிடம் சொல்லாமல் தினமும் குடிக்கத் தொடங்காதீர்கள். குடித்துப் பழகியிருந்தால் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். இரண்டிலுமே ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண், மாறும்.

அந்தப் பெண்ணுக்கு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடச் சொன்னேன். மாட்சா வேண்டுமென்றால் சாயங்காலம் நாலு மணிக்கு, ஏதாவது சாப்பிட்ட பிறகு, ஒரே ஒரு கப். ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்க்கப் போகிறோம்.