சுகப்பிரசவம்தான், ஆனால் எத்தனையாவது வாரத்தில்?

“முதல் குழந்தை சுகப்பிரசவம்தான் டாக்டர்” என்றார் அவர். பழைய கோப்பிலும் அவ்வளவுதான் எழுதியிருந்தது. இப்போது இரண்டாவது கர்ப்பம், 19 வாரம். எந்த வாரத்தில் பிறந்தது என்று கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது: “33 வாரம். மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மற்றபடி ஒன்றுமில்லை.”

37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் அது குறைப்பிரசவம். உலகில் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தை அப்படித்தான் பிறக்கிறது. அடுத்த பிரசவமும் முந்திக்கொள்ளுமா என்பதற்குப் பெரிய துப்பு, முன்பு ஒருமுறை அப்படி நடந்திருப்பதுதான். தானாக வலி வந்ததா, பனிக்குடம் உடைந்ததா, இல்லை ரத்த அழுத்தம் ஏறியதால் மருத்துவர்களே முன்கூட்டிப் பிரசவம் பார்த்தார்களா என்பதையும் கேட்பேன். மூன்றாவதன் கதை வேறு. இரட்டைக் குழந்தைகள், கர்ப்பப்பை வாயில் முன்பு செய்த அறுவைச் சிகிச்சை, புகைப்பழக்கம், சிறுநீர்த் தொற்று ஆகியவையும் கணக்கில் சேரும்.

அப்புறம் ஸ்கேன். கர்ப்பப்பை வாயின் நீளத்தை வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோகலாம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் வாய் நீளமாகத் தெரியும். அதனால் சிறுநீர் கழித்துவிட்டு வரச்சொல்லி, பிறப்புறுப்பு வழியாக அளக்கிறோம். இதனால் வலி வந்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். வராது. நடுக்கர்ப்பத்தில் சராசரியாக 35 மில்லிமீட்டரோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். 24 வாரத்துக்குள் 25 அல்லது அதற்குக் கீழே போனால் பிரசவம் முந்தலாம், கவனிக்க வேண்டும். இவருக்கு 22.

வலியோடு வருபவர்களுக்கு ஃபைப்ரோநெக்டின் பரிசோதனை உண்டு. பனிக்குடச் சவ்வைக் கர்ப்பப்பையோடு ஒட்டவைக்கும் பசை போன்ற புரதம் அது. ‘இல்லை’ என்று முடிவு வந்தால், அடுத்த ஓரிரு வாரத்தில் பிரசவம் ஆகாது என்று ஓரளவு தைரியமாக வீட்டுக்கு அனுப்பலாம். ‘இருக்கிறது’ என்று வந்தால் அவ்வளவு நம்ப முடியாது. அவர்களில் பலருக்குப் பிரசவம் உடனே நடப்பதில்லை. முந்தைய 24 மணி நேரத்துக்குள் தாம்பத்திய உறவோ உள்பரிசோதனையோ நடந்திருந்தாலும் முடிவு தவறலாம்.

சரி, எந்த ஆபத்தும் இல்லாதவர்களுக்குக் குறைப்பிரசவம் ஆகாதா? ஆகும், நிறையவே ஆகும். அதனால்தான் மாதவிடாய் வலி போன்ற இழுப்பு, விட்டுவிட்டு வரும் இடுப்புவலி, அடிவயிற்றில் கனம், தண்ணீர் போலவோ ரத்தம் கலந்தோ வெள்ளைப்படுதல் என்றால் ‘சூட்டு வலி’ என்று படுத்துவிடாதீர்கள். 24 முதல் 34 வாரத்துக்குள் என்றால் குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவோம். வழக்கமாக 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. அந்த ஒரு நாள் எங்களுக்குக் கிடைக்க வேண்டும். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை வசதி உள்ள இடத்துக்குக் குழந்தையை வயிற்றில் வைத்தே மாற்றுவதும் அந்த நேரத்தில்தான்.

22 மில்லிமீட்டர் என்றதும் அவருடைய மாமியார் கேட்ட முதல் கேள்வி, “படுக்கையிலேயே இருக்கட்டுமா?” வேண்டாம் என்றேன். படுத்தே கிடப்பது குறைப்பிரசவத்தைத் தடுப்பதாகத் தெரியவில்லை. காலில் ரத்தம் உறைய மட்டும் அது வழி. தினமும் இரவில் பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மாத்திரை எழுதிக்கொடுத்தேன். கர்ப்பப்பை வாயில் போடும் தையல் பற்றியும் பேசிவைத்தோம், தேவைப்படவில்லை. மருந்துதான் காப்பாற்றியதா, இல்லாவிட்டாலும் அத்தனை நாள் போயிருக்குமா என்று ஒரே ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது பிரசவம் முடிந்து அவர் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, கோப்பில் ‘சுகப்பிரசவம்’ என்பதற்குப் பக்கத்தில் ‘36 வாரம் 4 நாள், வலி தானாக வந்தது’ என்று நானே எழுதிக்கொடுத்தேன்.