‘புயல்’ என்று சொன்னதும் விமான நிறுவனக் கவுண்டரை விட்டு நகர்ந்துவிடாதீர்கள்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் தைப்பூசமும் புயல் காலமும் சேர்ந்தேதான் வருகின்றன. காவடிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து குருக்களும் நாதஸ்வரக்காரர்களும் வருவார்கள், புதுச்சேரியிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள். ரோலான் காரோஸ் விமான நிலையத்துக்குப் பூட்டு விழுவதும் இந்த மாதங்களில்தான். 2024 ஜனவரியில் பெலால் புயல், 2025 பிப்ரவரி கடைசியில் கரான்ஸ். இரண்டு தடவையும் புயல் ஓய்ந்த பிறகு, தீவின் தலைநகரான சேன் தெனியில் என் அலுவலகத்துக்கு வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: “புயலாச்சே, ஒன்றும் கிடைக்காது என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள், நிஜமா?”

பாதி நிஜம். ரீயூனியன் ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி என்பதால் ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி இங்கே அப்படியே செல்லும். 2005 பிப்ரவரி 17 முதல் நடப்பில் இருக்கும் இந்த விதி, விமானம் ரத்தானாலோ தாமதமானாலோ பயணிக்குத் தரும் உரிமைகளில் இரண்டைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று இழப்பீட்டுத் தொகை. மற்றது, காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு, இரவு தங்க ஹோட்டல், ஹோட்டலுக்குப் போய்வர வண்டி, இரண்டு போன் அழைப்பு. (அழைப்புக்குப் பதிலாக டெலக்ஸ் அனுப்பலாம் என்றும் அதில் எழுதியிருக்கிறது, யாராவது கேட்டுப் பாருங்களேன்.) புயல், எரிமலைச் சாம்பல், விமான நிலையம் மூடல் போன்ற அசாதாரணச் சூழ்நிலைகளில் முதல் உரிமை போய்விடும். இரண்டாவது போகாது. 2010இல் ஐஸ்லாந்து எரிமலையால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டபோது சிக்கிய ஒரு பயணியின் வழக்கில், 2013 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சாப்பாடு, தங்கலுக்குத் தொகை உச்சவரம்போ நாள் கணக்கோ கிடையாது. விமான நிறுவனம் கவனிக்காமல் விட்டால் நீங்களே செலவழித்துவிட்டு, அவசியமான, நியாயமான தொகையைத் திரும்பக் கேட்கலாம்.

அதனால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். சேன் ஆந்த்ரேயிலிருந்து வந்த ஒரு அக்கா, பாரிஸில் மூன்று இரவு மாட்டிக்கொண்டதற்கான ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தார்: சாதாரண ஹோட்டல் பில், பேக்கரி பில், ரயில் டிக்கெட். ஒவ்வொன்றின் பின்னாலும் பேனாவால் தேதி, நேரம், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று குறிப்பு. வாதாட எனக்கு அதிகம் வேலையே வைக்கவில்லை. அதே வாரம் வந்த இன்னொருவரிடம் வங்கிக் கணக்கில் கழிந்த தொகை மட்டும்தான் இருந்தது. எதற்குக் கழிந்தது என்று நிரூபிக்கவே மாதக்கணக்கில் கடிதம் போனது.

இழப்பீட்டு விஷயத்திலும் ‘புயல்’ என்ற பதிலோடு கதை முடிந்துவிடாது. அசாதாரணச் சூழ்நிலை என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம். சிவப்பு எச்சரிக்கை நீங்கி, மற்ற நிறுவனங்களின் விமானங்கள் இறங்கி ஏறிக்கொண்டிருக்கும்போது உங்களுடையது மட்டும் இரண்டு நாள் கழித்து ரத்தானால், காரணம் புயல்தானா என்று கேளுங்கள். இயந்திரக் கோளாறு பொதுவாக அசாதாரணம் ஆகாது என்று 2008இலேயே தீர்ப்பு உண்டு. புயலே காரணம் என்றாலும், வேறு நிறுவனத்தின் விமானத்தில் இடம் இருந்தால் அதில் ஏற்றிவிட முயன்றார்களா என்பதும் கணக்கில் வரும்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? இங்கேதான் நம் தீவுக்காரர்களுக்கு ஓர் எரிச்சல். பாரிஸ் இங்கிருந்து 9,300 கிலோமீட்டருக்கு மேல். 3,500 கிலோமீட்டரைத் தாண்டினால் 600 யூரோ என்று கேள்விப்பட்டு நம்பிக்கையோடு வருகிறார்கள். ஆனால் ரீயூனியன்–பாரிஸ் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உள்ளேயே நடக்கும் பயணமாகக் கருதப்படுவதால் தொகை 400 யூரோதான். பாதி தூரத்தில், சுமார் 4,600 கிலோமீட்டரில் இருக்கும் சென்னைக்கு 600. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி இதுதான். மொரீஷியஸ் மாதிரி பக்கத்து ஊர் என்றால் 250. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் இழப்பீடு உண்டு, 600 யூரோ தூரத்தில் தாமதம் நான்கு மணி நேரத்துக்குள் என்றால் அதில் பாதி. சக்கரம் தரையைத் தொட்ட நேரத்தை அல்ல, விமானக் கதவு திறந்த நேரத்தைத்தான் பார்ப்பார்கள். தொகை ஆளுக்கு ஆள் தனி. இருக்கை வாங்கிய பிள்ளைக்கும் உண்டு.

சென்னைப் பயணத்தில் பலர் கோட்டைவிடுவது வேறு இடத்தில். மொரீஷியஸ் வழியாகப் போகிறீர்கள், ஏறுவது மொரீஷியஸ் நிறுவனத்தின் விமானம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விமானமும் ஒரே முன்பதிவில் இருந்தால், புறப்பட்ட இடம் ஐரோப்பிய மண் என்பதால் சென்னை வரைக்கும் பாதுகாப்பு உண்டு. தாமதம் மொரீஷியஸின் பிளெசான்ஸ் விமான நிலையத்தில் இரண்டாவது விமானத்தில் நேர்ந்தாலும்கூட. ஐந்து, பத்து மலிவு என்று தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அவை சம்பந்தமில்லாத இரண்டு பயணங்கள். மொரீஷியஸ் வரை தாமதம் மூன்று மணி நேரத்துக்குள் இருந்தால் கையில் ஒன்றுமே இருக்காது.

அப்புறம், நீங்கள் சென்னையிலிருந்து அதே மொரீஷியஸ் நிறுவனத்தில் திரும்பும்போது இந்த ஐரோப்பிய விதி உதவாது. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புறப்படும்போது விமானத்தை இயக்குவது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் விதி செல்லும். போகவர ஒரே டிக்கெட் என்றாலும் திரும்பும் பயணம் தனிதான் என்று 2008 ஜூலையில் தீர்ப்பாகிவிட்டது. அங்கே சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையைத்தான் பிடிக்க வேண்டும். அதில் நிர்ணயித்த தொகை இல்லை, உங்களுக்கு நேர்ந்த நஷ்டத்தைக் காட்ட வேண்டும். அதன்படி வழக்குப் போட இரண்டு வருடம்தான் அவகாசம், ஐரோப்பிய விதிப்படி பிரான்சில் ஐந்து வருடம்.

பெட்டி சேதமானால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். நகையைக் கைப்பையில் வையுங்கள்.

ரத்தான விமானத்துக்கு வவுச்சர் நீட்டினால், கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால் மட்டுமே அது செல்லும். மறுத்தால் டிக்கெட் பணம் 7 நாளில் திரும்ப வேண்டும். இணையத்தில் ‘நாங்கள் வாங்கித் தருகிறோம்’ என்னும் நிறுவனங்கள் நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும். முதல் கடிதத்தை நீங்களே எழுதலாம்: விமான எண், தேதி, முன்பதிவு எண், 261/2004 விதிப்படி கேட்கும் தொகை, வங்கி விவரம், இவ்வளவுதான். 60 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ, நீதிமன்றத்தை யோசிக்கும் முன் பாரிஸில் உள்ள சுற்றுலா, பயணச் சமரசரிடம் இணையத்திலேயே விண்ணப்பியுங்கள். பயணிக்குக் கட்டணம் கிடையாது.

பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தால்தான் இதெல்லாம் என்று பலர் நினைக்கிறார்கள். குடியுரிமைக்கும் இந்த உரிமைக்கும் சம்பந்தமே இல்லை. உற்சவம் முடிந்து இங்கிருந்து ஊர் திரும்பும் இந்திய நாதஸ்வர வித்வானுக்கும் அதே 600 யூரோதான். ஒரு கோயில் பொருளாளர் என்னிடம், “டிக்கெட் எடுத்தது கோயில், அப்படியானால் பணம் கோயிலுக்குத்தானே?” என்று கேட்டார். இல்லை, பயணம் செய்தவருக்குத்தான். அவர் கோயில் உண்டியலில் போட விரும்பினால் அது அவர் பாடு.