‘வெல்கம்’ என்ற ஒற்றைச் சொல்லை இத்தாலிக்கு அனுப்பும் முன்

ஆங்கிலத்திலிருந்து இத்தாலியனுக்கு மொழிபெயர்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. ஹோட்டல் இணையதளம், வாடகை வீட்டு விதிமுறை, பயண ஆப் என்று எது வந்தாலும் அதில் வரவேற்பும் உபசரிப்பும் இருக்கும். நீளமான வாக்கியங்களை எப்படியாவது சமாளித்துவிடலாம். எக்ஸெல் கோப்பில் ஒரு கட்டத்தில் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கும் ‘வெல்கம்’தான் ஆளைப் படுத்தும்.

சென்னையிலோ பெங்களூரிலோ ஆப் தயாரிப்பவர்கள் ‘வெல்கம்’ என்று போட்டு, பக்கத்தில் பயனர் பெயருக்கு ஒரு காலியிடம் விட்டு அனுப்புவார்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழிலும் ‘வாங்க’ என்று சொல்ல, வருபவர் ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டியதில்லை. இத்தாலியனில் தெரிந்தே ஆக வேண்டும். ஆண் வந்தால் ‘பென்வெனுத்தோ’, பெண் வந்தால் ‘பென்வெனுத்தா’, பலர் வந்தால் ‘பென்வெனுத்தி’, வந்த எல்லாருமே பெண்கள் என்றால் ‘பென்வெனுத்தே’. மறுபடி வருபவரை வரவேற்கும் ‘பென்தொர்னாத்தோ’வும் இதே மாதிரி நான்காகப் பிரியும்.

“சரி, பெயர் ‘a’ என்ற ஆங்கில எழுத்தில் முடிந்தால் பெண் என்று நிரலில் ஒரு வரி சேர்த்துவிடலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. சேர்த்தால் லூக்கா, ஆந்த்ரேயா, நிக்கோலா மூவரும் பெண்களாகிவிடுவார்கள். இத்தாலியில் மூன்றும் ஆண்கள் பெயர். பலெர்மோவில் கணிசமான ஈழத் தமிழர்கள் வாழ்கிறார்கள். அவர்களில் ஒரு ராஜா அந்த ஆப்பைத் திறந்தால் அவருக்கும் ‘பென்வெனுத்தா’தான்.

இதற்கு வழி இருக்கிறது. ‘தி தியாமோ இல் பென்வெனுத்தோ’ என்று எழுதினால், ‘உனக்கு வரவேற்பு அளிக்கிறோம்’ என்று பொருள். அதில் பென்வெனுத்தோ பெயர்ச்சொல்லாகிவிடுவதால் ஆளுக்கேற்ப மாறாது. ஆனால் ஒரு சொல் நான்காகிவிட்டதே! திரையில் ‘வெல்கம்’ என்ற ஏழு எழுத்துக்கு அளந்து இடம் விட்டிருந்தால் பாதியில் வெட்டுப்படும். ஆணா பெண்ணா என்று காட்டாமல் இருக்க, சொல்லின் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு நட்சத்திரக் குறி போடும் பழக்கமும் அங்கே சிலரிடம் இருக்கிறது. 1583-இல் ஃபுளோரன்ஸில் தொடங்கப்பட்ட மொழி அமைப்பான அக்காதேமியா தெல்லா க்ரூஸ்கா 2021-இல் அது வேண்டாம் என்றே கருத்துச் சொன்னது. வாடிக்கையாளர் வற்புறுத்தினால் ஒழிய நானும் போடுவதில்லை.

அப்புறம், வரவேற்பே இல்லாத ‘வெல்கம்’கள். நன்றி சொன்னவருக்குப் பதிலாக வரும் ‘யூ ஆர் வெல்கம்’ இத்தாலியனில் ‘ப்ரேகோ’. சாட்பாட் அங்கே ‘பென்வெனுத்தோ’ என்றால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புகிறவரை வாசலில் நிறுத்தி ‘வாங்க வாங்க’ என்பது போலத்தான். ‘பெட்ஸ் வெல்கம்’ என்ற பலகைக்கு ‘விலங்குகளுக்கு அனுமதி உண்டு’ என்ற பொருளில் ‘அனிமாலி அம்மெஸ்ஸி’ போதும்.

பணத்தகராறு வரை போகக்கூடியது ‘ஓஸ்பித்தே’. விருந்தாளிக்கும் அதே சொல், விருந்து தருபவருக்கும் அதே சொல். லத்தீன் மூலமான ‘ஹோஸ்பெஸ்’ஸிலேயே இந்த இரட்டைப் பொருள் உண்டு. பேச்சில் விருந்தாளி என்ற பொருள்தான் முந்திக்கொண்டு வரும். சூழலும் தெரியும் என்பதால் குழப்பமில்லை. விதிமுறைப் பட்டியலில் அப்படியில்லை. ‘சாவியை ஹோஸ்ட் ஒப்படைப்பார்’ என்பது ஒரு கட்டத்திலும், ‘சேதத்துக்கு கெஸ்ட் பொறுப்பு’ என்பது இன்னொரு கட்டத்திலும் தனித்தனியாக வந்து, இரண்டிலும் ‘ஓஸ்பித்தே’ என்று விழுந்தால், உடைந்த கண்ணாடி மேஜைக்குக் காசு தருவது யார்? வாடகை ஒப்பந்தம் என்றால் நான் இத்தாலியச் சிவில் சட்டத்தில் இருக்கும் ‘லொக்காத்தோரே’, ‘கொந்துத்தோரே’ பக்கம் போய்விடுவேன்: வாடகைக்கு விடுபவர், எடுப்பவர். வீட்டுக்குறிப்பு என்றால் ‘ப்ரொப்ரியெத்தாரியோ’, அதாவது உரிமையாளர். வீடு வாடகைக்குத் தரும் இணையதளங்களின் புண்ணியத்தில் ‘ஹோஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லே இப்போது அங்கே புழங்குகிறது. தூய்மைவாதிகள் முகம் சுளிக்கட்டும், பொருள் தெளிவாக இருந்தால் எனக்கு அது போதும்.

‘ரிசெப்ஷன்’ இன்னொரு வகை. ஹோட்டல் முகப்பில் அப்படியே ‘ரிசெப்ஷன்’ என்றே விட்டுவிடலாம். திருமண வரவேற்பு ‘ரிச்செவிமெந்தோ’, போனில் சிக்னல் கிடைப்பது ‘ரிச்செத்ஸியோனே’. சுற்றுலாப் பயணிகளுக்கான ‘ரிசெப்ஷன் சென்டரை’ யாராவது ‘சென்த்ரோ தி அக்கொலியென்த்ஸா’ என்று மாற்றினால்தான் வம்பு. அக்கொலியென்த்ஸா நல்ல சொல்தான், அன்போடு ஏற்றுக்கொள்வது என்று பொருள். ஆனால் செய்தித்தாள் படிக்கும் இத்தாலியருக்கு அந்தத் தொடரைக் கண்டதும் புகலிடம் கேட்டு வந்தவர்களைத் தங்கவைக்கும் முகாம்தான் நினைவுக்கு வரும்.

மருத்துவமனைக் கோப்புகளில் ‘ஹாஸ்பிஸ்’ வந்தால் நின்று நிதானியுங்கள். ஓசை ஒத்துப்போகிறது என்று ‘ஓஸ்பீத்ஸியோ’ போட்டால், கேட்பவருக்கு நாதியற்ற முதியோரைக் கொண்டுபோய் விடும் இல்லம் என்று படும். ஏளனத் தொனியும் ஒட்டிக்கொள்ளும். நோய் முற்றியவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சை தரும் இடத்தை இத்தாலியர்களும் ‘ஹாஸ்பிஸ்’ என்றே எழுதுகிறார்கள். வலி தணிப்புச் சிகிச்சைக்கான 2010-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் சட்டத்திலும் அந்தச் சொல்தான். அப்பாவை எங்கே சேர்ப்பது என்று கலங்கி நிற்கும் குடும்பத்தின் கையில் போகும் தாள் அது.

ஆகவே கோப்பு அனுப்புகிறவர்கள் கூடுதலாக ஒரு பத்தி சேர்த்து, யார் யாரிடம் சொல்வது, எந்தத் திரையில் வருவது, எத்தனை எழுத்துக்கு இடம் என்று எழுதிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் இருந்தால் இன்னும் நல்லது. வாடிக்கையாளரை ‘தூ’ என்று ஒருமையில் அழைப்பதா, ‘லேய்’ என்று மரியாதையாகவா என்பதையும் முதலிலேயே முடிவுசெய்யுங்கள். ஆப்பில் ‘தூ’ இயல்பு, ஹோட்டல் கடிதத்தில் ‘லேய்’ பொருந்தும். பாதி வேலையில் மாற்றினால் வினைமுற்று முதல் எல்லாமே மாறும். அத்தனை வரியையும் திரும்பப் பார்க்க வேண்டும். அதற்கு நாங்கள் தனியாகத்தான் பில் போடுவோம்.