சுருதிக் குழல்

மாதிரி விமானங்களின் சிறு டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் மாட்டும், எரிந்த வாயு வெளியேறும் குழாயான ட்யூன்டு பைப்பைச் 'சரிசெய்த குழாய்' என்று எழுதுவதை இனியும் பொறுக்க முடியவில்லை. பழைய வண்ணாரப்பேட்டை லேத் பட்டறை ஒன்றில் பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் அப்படியொரு தமிழ்க் குறிப்பைப் படித்துவிட்டு, "இது எங்கே உடைந்திருந்தது அண்ணா?" என்று கேட்டான். அவன் மேல் என்ன குற்றம்? சரிசெய்வது என்றால் நமக்குப் பழுது பார்ப்பதுதான்.

'ட்யூன்' என்பதன் வேர் கிரேக்க 'டோனோஸ்': இழுத்துக் கட்டிய விறைப்பு, அதில் பிறக்கும் சுருதி.

இந்தக் குழாயில் நடப்பதும் அதுவே. சிலிண்டரில் எரிந்த வாயு வெளியேறும் துளையான வெளியேற்று வாய் திறந்ததும் அழுத்த அலை ஒன்று குழாயில் பாய்கிறது. குழாய் விரியும் பகுதியில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி எரிந்த வாயுவை இழுக்கிறது. கூடவே புதிய எரிபொருள்-காற்றுக் கலவையும் கொஞ்சம் வெளியே தப்பிவிடுகிறது. குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அலை, வாய் மூடுவதற்குள் தப்பிய கலவையை உள்ளே தள்ளிவிடுகிறது. நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 5 மில்லிநொடி. அதில் பாதிக்கும் குறைவாகவே வாய் திறந்திருக்கும். அலை அதற்குள் போய்த் திரும்ப வேண்டும். குழாயைக் குறைத்தால் உச்ச ஆற்றல் மேல் வேகத்தில் கிடைக்கும், நீட்டினால் கீழ் வேகத்தில். புல்லாங்குழலின் நீளம் சுருதியை மாற்றுவது போலத்தான். ஆகவேதான் ஓரிரு மில்லிமீட்டர் வெட்டி, ஓட்டிப் பார்த்து, மறுபடி வெட்டுகிறார்கள். 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். பந்தய மோட்டார் சைக்கிள்களுக்கு பொறியாளர் வால்டர் காடன் வேகம் கூட்டியது இந்த அலைகளை வைத்துத்தான்.

'புகைபோக்கி' என்பாரும் உண்டு. புகைபோக்கி போக்கியதோடு சரி. இது போனதைத் திருப்பிக் கொண்டுவருகிறது. 'ஒலியடக்கி' அதைவிட மோசம். சத்தத்தை அடக்குவது இதன் வேலையே அல்ல. வியாசர்பாடி மெக்கானிக் எல்லாவற்றையும் சைலன்சர் என்பார். பொருள் அவர் கையிலேயே இருப்பதால் குழப்பமில்லை. எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

சுருதிக் குழல் என்பதே தெளிவு. 'குழாய்' வேண்டாம், எங்கள் பக்கம் குழாய் என்றால் தண்ணீர்க் குடம்தான் நினைவுக்கு வரும். சுருதி வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் 'இசைவுக் குழல்' என்று எழுதட்டும், எனக்கு மறுப்பில்லை. வீணைக்குச் சுருதி சேர்ப்பதாகத் தயங்காமல் எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள், என்ஜின் என்றதும் அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். பட்டறைக்குப் போய் ஒருவரிடம் கேட்கக்கூட அவர்களுக்கு மனம் வருவதில்லை.