இதய பம்ப் நின்றால் மறுபடி எடுக்குமா?

தர்மபுரி மாவட்டத்தில் ஆழமான போர்வெல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கரண்ட் போய்ச் சில நொடிகளில் திரும்பி வந்தாலும், ஸ்டார்ட்டர் பெட்டியின் பச்சைப் பொத்தானை அவர்கள் உடனே அழுத்த மாட்டார்கள். மோட்டார் நின்றதும், அடியிலுள்ள வால்வு சரியாக மூடாவிட்டால், குழாயில் ஏறி நின்ற தண்ணீர் தன் எடையாலேயே கீழே இறங்கி, பம்பில் தண்ணீரைத் தள்ளும் சக்கரங்களான இம்பெல்லர்களைத் தலைகீழாகச் சுழற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நேர்த்திசையில் மின்சாரம் பாய்ந்தால் முறுக்கு தாங்காமல் ஷாஃப்ட் உடையும். பாலக்கோட்டை அடுத்த எங்கள் நிலத்தில் நானே ஒருமுறை அவசரப்பட்டு அழுத்திவிட்டு, வண்டியை வரவழைத்து எண்ணூறு அடிக் குழாயையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுத்தபோது, மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் இரண்டு துண்டாக வந்தது. ஆட்டோ ஸ்டார்ட்டருக்குள் தாமத டைமர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். போர் மோட்டாரைப் பொறுத்தவரை, நின்ற பிறகு எவ்வளவு பொறுக்கிறோமோ அவ்வளவுக்கு மறுபடி ஓட்டுவது பாதுகாப்பானது.

உடலுக்குள் பொருத்தப்படும் இதய பம்பில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. அங்கே பொறுக்கப் பொறுக்க ஆபத்து கூடுகிறது. சில நிமிடங்கள் கடந்துவிட்டால், ஓட்டாமல் விடுவதும் ஆபத்து, ஓட்டுவதும் ஆபத்து என்ற நிலை வந்துவிடுகிறது. அந்த பம்பின் மின்சார ஏற்பாடு முழுவதும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

இதயத்தின் இடது கீழறை பலவீனமாகி, மருந்துகளாலும் தேறாத நோயாளிகளுக்கு இந்த பம்பைப் பொருத்துகிறார்கள். மாற்று இதயம் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க வைப்பதற்காகச் சிலருக்கும், ஆயுள் முழுமைக்குமாகச் சிலருக்கும் இது வைக்கப்படுகிறது. கீழறையின் நுனியில் துளையிட்டுப் பொருத்தப்படும் பம்ப், அங்கிருந்து ரத்தத்தை இழுத்து, ஒரு செயற்கைக் குழாய் வழியாகப் பெருந்தமனிக்குத் தள்ளுகிறது. 2008-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற ஹார்ட்மேட் 2 என்ற கருவியில் சுழலும் பகுதி மாணிக்கக்கல் தாங்கிகளின்மேல் நின்றது. 2017-இல் ஒப்புதல் பெற்ற ஹார்ட்மேட் 3 கருவியில் அது எதையும் தொடாமல் காந்தப் புலத்தில் மிதந்துகொண்டே, பெரும்பாலும் நிமிடத்திற்கு 5000 முதல் 6000 முறை வரை சுழல்கிறது. தொடர்ந்து ஓடும் பம்ப் என்பதால், இதைப் பொருத்திக்கொண்ட பலருடைய மணிக்கட்டில் நாடித் துடிப்பு தட்டுப்படுவதில்லை. இதை அறியாத மருத்துவப் பணியாளர் முதன்முறை பார்த்தால் திகைத்துத்தான் போவார்.

எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். நிமிடத்திற்கு 5 லிட்டர் ரத்தத்தை 100 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்திற்கு எதிராகத் தள்ளுவதற்குத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 1.1 வாட். பம்பின் செயல்திறன் குறைவு, காந்தத்தில் மிதக்க வைக்கும் செலவு எல்லாவற்றையும் சேர்த்தால் சுமார் 5 வாட் ஆகிறது. பூஜை அறையில் எரியும் சிறிய எல்இடி பல்பின் அளவுதான். ஆனால் அந்த பல்பு ஒரு நொடிகூட அணையக் கூடாது. ஒரு நாளைக்கு 120 வாட்-மணி என்று வைத்துக்கொண்டால், இன்றைய கைபேசி பேட்டரிகள் ஆறு சேர்ந்து தரும் மின்சாரம் தினமும் தேவைப்படுகிறது. இவ்வளவு பெரிய பேட்டரியை உடலுக்குள் வைத்துத் தைக்க வழியில்லை. ஆகவே பம்பிலிருந்து ஒரு வடம் வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வந்து, இடுப்பில் மாட்டிய கட்டுப்பாட்டுப் பெட்டியில் சேர்கிறது. அந்தப் பெட்டிக்குக் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு மின்கம்பிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி பேட்டரி. ஹார்ட்மேட் 3-இல் ஒரு ஜோடி பேட்டரி 17 மணி நேரம் வரை தாங்கும்.

ஒரு பேட்டரியைக் கழற்றும்போது மற்றொன்று பம்பை ஓட்டும் என்பதால்தான் இரண்டு கம்பிகள். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டால்கூட, பெட்டிக்குள்ளேயே இருக்கும் சிறிய பேட்டரி குறைந்தது 15 நிமிடம் தாக்குப்பிடிக்கும். வெளியே உள்ள பேட்டரிகள் தீரும் தறுவாயில், கட்டுப்பாட்டுப் பெட்டி அலறுவதோடு நிற்காமல், பம்பின் வேகத்தைத் தானாகவே ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கொண்டுவந்து மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துகிறது. இந்தச் சிக்கனத்துக்கு ஒரு கீழ் எல்லை உண்டு என்பதே இதில் கவனிக்க வேண்டியது. பம்பில் வால்வு கிடையாது. பெருந்தமனியின் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது சுழற்சி ஒன்றுதான். வேகம் அளவுக்கு மீறிக் குறைந்தால் ரத்தம் முன்னே போகாமல் பம்ப் வழியாகவே இதயத்துக்குத் திரும்பத் தொடங்கும். ஆகவே மிச்சமிருக்கும் மின்சாரத்தில் நீண்ட நேரம் மிக மெதுவாக ஓட்டுவதைவிட, குறைந்த நேரமே ஆனாலும் போதிய வேகத்தில் ஓட்டுவதே சரி.

பம்ப் முற்றிலும் நின்றுவிட்டால் இந்தப் பின்னோட்டம் முழு வேகம் எடுக்கிறது. ஏற்கனவே பலவீனமான இதயம், தான் தள்ளிய ரத்தத்தில் ஒரு பகுதியைத் திரும்பவும் வாங்கித் தள்ள வேண்டியதாகிறது. போர்க் குழாயில் உள்ளதுபோல ஒரு தடுப்பு வால்வை இங்கேயும் வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஆண்டுக்கணக்கில் ரத்த ஓட்டத்தின் நடுவே இருக்கும் வால்வு தேயும். அதன் இடுக்குகளில் ரத்தம் உறையும். தேய்ந்த வால்வு என்ன செய்யும் என்பதற்கு என் நிலத்தில் வந்த கப்ளிங்கே போதும். சுழலும் ஒரே பாகத்தோடு பம்பை முடித்துக்கொண்டதால்தான் அது ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை இந்தப் பின்னோட்டம்.

இனி, நின்ற மோட்டார் மறுபடி எப்படி எடுக்கிறது என்பதைப் பார்க்கலாம். நம் போர் மோட்டாரைப் போலவே இதுவும் மூன்று பேஸ் மோட்டார்தான். ஆனால் போர் மோட்டார் தூண்டல் வகையைச் சேர்ந்தது. மூன்று பேஸும் வந்தால் சுழலும் காந்தப் புலம் உருவாகி, மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டாரை இழுத்துக்கொண்டு போய்விடும், ரோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. இதய பம்பின் ரோட்டாரில் இருப்பவை நிலைக்காந்தங்கள். அவை எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று அறிந்து, அதற்கேற்ற காயிலுக்கு (கம்பிச்சுருளுக்கு) ஏற்ற தருணத்தில் மின்சாரம் கொடுத்தால்தான் சுழலும். தனி உணர்விகள் இல்லாத பம்புகளில், காந்தம் சுழலும்போது காயிலில் எழும் எதிர் மின்னழுத்தத்தை அளந்து கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த நிலையை ஊகிக்கிறது. சுழலாத காந்தம் எந்த மின்னழுத்தத்தையும் எழுப்பாது. ஆக, மிகவும் தேவைப்படும் அந்தத் தொடக்க நொடியில் பெட்டிக்குக் கண் தெரியாது. முதலில் ஒரு காயிலில் மின்சாரம் செலுத்தி ரோட்டாரை ஒரு தெரிந்த நிலைக்கு இழுத்து நிறுத்தி, பிறகு குருட்டுத்தனமாகவே புலத்தை மெல்லச் சுழற்றி வேகம் கூட்டி, எதிர் மின்னழுத்தம் அளக்கும் அளவுக்கு எழுந்த பின்னர்தான் அது முறையான கட்டுப்பாட்டுக்கு மாறுகிறது. நடுவில் ரோட்டார் பின்தங்கிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காந்தத்தில் மிதக்கும் பம்பிலோ ரோட்டாரின் இருப்பிடத்தைக் காட்டும் உணர்விகள் உண்டு. அதை முதலில் மிதக்க வைத்துவிட்டுப் பிறகே சுழற்ற வேண்டும்.

ஹெச்விஏடி என்ற பம்பின் கதை இங்கேதான் முடிந்தது. 2012-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்று உலகெங்கும் பொருத்தப்பட்ட அந்தக் கருவியின் விற்பனையை அதன் உற்பத்தியாளரான மெட்ரானிக் 2021 ஜூனில் நிறுத்தியது. பக்கவாதம் உள்ளிட்ட நரம்பியல் பாதிப்புகள் அதிகமாக இருந்தது ஒரு காரணம். நின்ற பம்ப் தாமதமாக எடுப்பதும், சில சமயம் எடுக்காமலே போவதும் மற்றொரு காரணம். ஏற்கனவே பொருத்திக்கொண்டவர்களுக்கு, நன்றாக ஓடும் பம்பை முன்னெச்சரிக்கையாக அகற்ற வேண்டாம் என்றே அறிவுறுத்தப்பட்டது. நிறுத்தாதவரை அதில் ஓடுவது சிக்கலாக இல்லை. அவர்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றுவதுபோன்ற, பம்பைச் சில நொடிகள் நிறுத்தவேண்டிய சாதாரண வேலைகூடத் துணிந்து செய்யமுடியாததாகிவிட்டது.

எடுத்துவிட்டாலும் கேள்வி முடிவதில்லை. நின்ற பம்புக்குள்ளும் அதன் வெளியேற்றுக் குழாய்க்குள்ளும் தேங்கிய ரத்தம் உறையத் தொடங்குகிறது. இந்த நோயாளிகள் எப்போதும் வார்ஃபரின் போன்ற உறைவெதிர்ப்பு மாத்திரையில் இருப்பவர்கள்தான். ஆனால் அது உறைதலைத் தாமதப்படுத்துமே தவிர, அடியோடு நிறுத்தாது. ரத்தக் கட்டி உருவாகியிருக்கும் பம்பைச் சுழற்றினால், முதல் சுற்றிலேயே அது பெருந்தமனிக்குள் போய், அங்கிருந்து மூளையின் ரத்தக்குழாயை அடைக்கலாம். எவ்வளவு நேரம் நின்றிருந்தது, மாத்திரை ஒழுங்காக எடுக்கப்பட்டதா, பம்ப் இல்லாமல் அந்த இதயத்தால் எவ்வளவு தாங்க முடியும் என்ற மூன்றையும் எடைபோட்டு மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஓரளவு தேறிய இதயம் என்றால் பம்பை நிறுத்தியபடியே மருத்துவமனைவரை கொண்டுபோக முடியும். முற்றிலும் பம்பையே நம்பியிருப்பவரிடம் அந்த அவகாசம் இல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கட்டியைப் பார்க்கும் வழி இல்லை என்பதால், மின்சாரம் வந்ததும் தானாக ஓடும்படி அதை அமைப்பது எல்லா நேரத்திலும் நல்லதுதானா என்பது விவாதத்துக்குரியது. சில நொடித் தடங்கலுக்குத் தானியங்கித் தொடக்கம் வேண்டும் என்பதிலும், நீண்ட நேரத் தடங்கலுக்கு மனிதக் கை வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. எல்லைக்கோட்டை எங்கே இழுப்பது என்பதே கடினம்.

தோலைத் துளைக்கும் வடமே இல்லாமல், காந்தச் சுருள் வழியாக மின்சாரம் அனுப்பும் முயற்சி புதிதல்ல. 2001-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பொருத்தப்பட்ட அபியோகோர் செயற்கை இதயம் அப்படித்தான் இயங்கியது. 2018-இல் கஜகஸ்தானின் அஸ்தானாவில் ஜார்விக் என்ற இதய பம்பும் இம்முறையில் இரண்டு நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது. வடம் வழியே வரும் தொற்று இதனால் ஒழியும். ஆனால் சுருளில் வீணாகும் ஆற்றல் உடலுக்குள் வெப்பமாகிறது, உள்ளே வைத்த பேட்டரி தேய்ந்தால் மாற்ற அறுவை சிகிச்சை வேண்டும், உள்ளே போன கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் கையால் மாற்ற முடியாது.

இவை தீரும்வரை வடமும் பேட்டரியும்தான். தூங்கும்போது பேட்டரியில் ஓட்டக் கூடாது, சுவர் மின்சாரத்தில்தான் ஓட்ட வேண்டும் என்பது நோயாளிகளுக்குச் சொல்லித்தரப்படும் விதி. ஆழ்ந்த தூக்கத்தில் பேட்டரி தீரும் ஒலி காதில் விழாமல் போகலாம். கிருஷ்ணகிரியில் ஒரு மழை இரவில் அந்தச் சுவர் மின்சாரமே போனால், பெட்டி அலறும், உள்ளே இருக்கும் பேட்டரியின் 15 நிமிடம் ஓடத் தொடங்கும். எழுந்து, டார்ச் வெளிச்சத்தில் முதலில் வெள்ளைக் கம்பியைச் சுவர் இணைப்பிலிருந்து கழற்றி ஒரு பேட்டரியில் மாட்டி, அது பிடித்துவிட்டதைப் பெட்டியின் விளக்கில் பார்த்த பிறகே, கறுப்புக் கம்பியில் கை வைக்க வேண்டும்.